மீன்கள் நமக்குச் செய்யும் பிரசங்கம்

(நுண்ணிய பிளாஸ்டிக் துகள்களும் நீர்வாழ் உயிரினங்களும்)

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி

முன்னுரை

கோடி அற்புதர் புனித அந்தோணியார் இத்தாலி நாட்டின் ரிமினி நகரில் பிரசங்கம் செய்தபோது மக்கள் செவிசாய்க்க மறுத்தனராம். உடனே அவர் நீர்க்கரைக்குச் சென்று மீன்களை நோக்கிப் பேசினார் என்றும், மீன்கள் தலையை நீருக்கு மேலே நீட்டி, சிறியவை முன்னும் பெரியவை பின்னுமாக வரிசையாக நின்று கேட்டன என்றும் ஒரு மரபு வழங்கி வருகிறது. செவ்வாய்க்கிழமை தோறும் அவருக்கு மெழுகுவர்த்தி ஏற்றும் நம்மில் பலர் இதைப் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

அன்று மனிதர் பேச, மீன்கள் கேட்டன. இன்று மீன்கள் பேசுமானால் நம்மிடம் என்ன சொல்லும்? "எங்கள் வயிற்றில் இருப்பது உங்கள் வீட்டுக் குப்பை" என்றுதான் சொல்லும். அது எவ்வாறு அங்கே சென்றது என்பதையும், அதில் நம் பங்கு என்ன என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

நுண் துகள் என்பது யாது?

ஐந்து மில்லிமீட்டருக்கும் குறைவான பிளாஸ்டிக் துண்டுகளை நுண் பிளாஸ்டிக் துகள்கள் என்பர். ஏறக்குறைய ஒரு துவரம்பருப்பின் அளவு முதல், கண்ணுக்கே தெரியாத தூசியின் அளவு வரை உள்ளவை எல்லாம் இதில் அடங்கும். இங்கிலாந்தில் பிளிமத் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரிச்சர்டு தாம்சனும் அவருடைய குழுவினரும் 2004-ஆம் ஆண்டில் கடற்கரை மணலிலும் கடல் நீரிலும் இத்துகள்கள் பரவியிருப்பதை எடுத்துக்காட்டினர். இப்பெயர் பரவலாக வழங்கத் தொடங்கியதும் அதன் பிறகே.

பிளாஸ்டிக்கின் வரலாறு நீண்டதன்று. பேக்கலைட் என்னும் முதல் செயற்கைப் பிளாஸ்டிக்கை லியோ பேக்கலண்டு 1907-இல் கண்டுபிடித்தார். 1950-இல் உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 20 இலட்சம் டன் பிளாஸ்டிக்தான் உற்பத்தியாயிற்று. இப்போது அது 40 கோடி டன்னைத் தாண்டிவிட்டது. 2015 வரை குப்பையாகிப் போன பிளாஸ்டிக்கில் சுமார் நூற்றுக்கு ஒன்பது பங்குதான் மறுசுழற்சி செய்யப்பட்டது என்று அறிஞர்கள் கணக்கிட்டுள்ளனர். மற்றவற்றுள் ஒரு பகுதி எரிக்கப்பட்டது. பெரும்பகுதி மண்ணிலும் நீரிலும் கிடக்கிறது.

வாழைப்பழத் தோல் சில வாரங்களில் மண்ணாகிவிடும். பாலிதீன் பை அவ்வாறு ஆவதில்லை. வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டு அது மொரமொரப்பாகி உடையும். உடைந்தது மேலும் உடையும். திண்டுக்கல் வெயில் எத்தகையது என்பதை நாம் அறிவோம். மொட்டைமாடியில் ஓராண்டு கிடந்த பிளாஸ்டிக் வாளி கை பட்டதும் நொறுங்குவதைப் பார்க்காதவர் உண்டோ? வாளி மறைந்துவிட்டது என்று நினைக்கிறோம். அது மறையவில்லை, பல்லாயிரம் துகள்களாகப் பெருகிவிட்டது.

துகள் செல்லும் வழி

நம் நகரம் குடகனாற்றுப் படுகையில் அமைந்துள்ளது. குடகனாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும். ஆயினும் மழைக்காலத்தில் வெள்ளம் வரும்போது அது வடக்கு நோக்கிப் பாய்ந்து, வேடசந்தூர்ப் பக்கம் சென்று, கரூர் மாவட்டத்தில் அமராவதியுடன் கலக்கிறது. அமராவதி காவிரியில் கலக்கிறது. காவிரி பூம்புகாரில் கடலைச் சேர்கிறது. ஆகவே நம் தெரு வாய்க்காலில் இன்று விழும் ஒரு துகள் ஆற்று மணலில் காத்திருந்து, ஏதோ ஒரு ஐப்பசி மழையில் கிளம்பி வங்கக் கடல் வரை போகக் கூடும். "நம் ஊரில் கடல் இல்லையே, நமக்கென்ன?" என்று நாம் சொல்லிவிட முடியாது.

கடலுக்குப் போகும் வரைதான் தொல்லை என்பதும் இல்லை. சென்னைக்குக் குடிநீர் தரும் செங்குன்றம் ஏரியில் ஆய்வாளர்கள் சோதித்து, ஒரு லிட்டர் நீரில் சராசரியாக ஆறு துகள்கள் அளவுக்கு இருப்பதாக 2020-இல் வெளியிட்டனர். கேரளத்து வேம்பநாட்டு ஏரியின் அடிச்சேற்றிலும் இவை இருப்பது 2017-இல் தெரிய வந்தது. கடலில் மேரியானா அகழியில், ஆறாயிரம் மீட்டருக்கும் கீழே வாழும் இறால் போன்ற ஒரு புதிய உயிரின் உடலில் பிளாஸ்டிக் இழை காணப்பட்டது. அதனால் 2020-இல் அதற்கு யூரிதினிஸ் பிளாஸ்டிகஸ் என்றே பெயர் வைத்தனர். மனிதன் பார்ப்பதற்கு முன்பே மனிதனின் குப்பை அதனிடம் போய்ச் சேர்ந்துவிட்டது!

எங்கள் வகுப்பில் செய்த சோதனை

படித்ததை நேரில் பார்க்க விரும்பினோம். அறிவியல் ஆசிரியை அருட்சகோதரி அவர்களின் துணையுடன் ஒரு சனிக்கிழமை எளிய சோதனை ஒன்றைச் செய்தோம். மூன்று வாளிகளை நன்கு கழுவி ஒரே குழாயில் நீர் பிடித்தோம். முதல் வாளியில் ஒரு பாலியெஸ்டர் துப்பட்டாவை அலசினோம். இரண்டாவதில் ஒரு பருத்தித் துப்பட்டாவை அலசினோம். மூன்றாவதில் ஒன்றும் போடவில்லை. மூன்று நீரையும் தனித்தனி வடிதாளில் வடிகட்டி, உலர்த்தி, ஆய்வகத்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தோம்.

ஒன்றும் போடாத நீரில் ஓரிரு தூசிகளே தெரிந்தன. துணி அலசிய இரண்டு நீரிலும் இழைகள் இருந்தன. பருத்தி இழை தட்டையாக, முறுக்கிய நாடா போல இருந்தது. பாலியெஸ்டர் இழையோ கண்ணாடிக் கம்பி போல வழவழப்பாக, ஒரே பருமனாக இருந்தது. பருத்தி இழையை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் தின்று தீர்த்துவிடும். மற்றதைத் தின்னுவார் இல்லை. இங்கிலாந்தில் 2016-இல் நடந்த ஆய்வில், ஆறு கிலோ செயற்கைத் துணியைச் சலவை இயந்திரத்தில் ஒருமுறை துவைத்தால் ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட இழைகள் வெளியேறலாம் என்று கண்டனர். நாம் அன்றாடம் அணிந்து வரும் டெரிகாட்டன் சீருடையிலும் பாதி பாலியெஸ்டர்தான் என்பதை எண்ணி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

மீனுக்கு நேர்வது என்ன?

முதலாவது, பொய்யான பசியாறல். நீரில் மிதக்கும் துகளின் மேல் பாசி படிகிறது. அதன் மணமும் நிறமும் இரை போலவே இருப்பதால் மீன் அதை விழுங்குகிறது. வயிறு நிறைகிறது; சத்து இல்லை. உண்டும் பட்டினி கிடக்கும் மீன் எப்படி வளரும்? மீனுக்கு இரையாகும் நீர்த்தெள்ளு போன்ற மிதவை உயிர்களும் இத்துகளைத் தின்பதால், தொல்லை அடிப்படையிலேயே தொடங்கிவிடுகிறது.

இரண்டாவது, சந்ததிக் குறைவு. பிரான்சு நாட்டு ஆய்வாளர்கள் சிப்பிகளை இரண்டு மாதம் நுண் துகள் கலந்த நீரில் வளர்த்தனர். அவை இட்ட முட்டைகள் நூற்றுக்கு 38 பங்கு குறைந்தன என்று 2016-இல் அறிவித்தனர். சிப்பி சாகவில்லை, பார்ப்பதற்கு நன்றாகவே இருந்தது. அதன் பிள்ளைகள்தாம் குறைந்தன.

மூன்றாவது, துகளிலிருந்து கசியும் இரசாயனம். அமெரிக்காவின் மேற்குக் கரை ஓடைகளில் மழை பெய்தவுடன் கோஹோ சால்மன் மீன்கள் கூட்டமாக மடிவது பல ஆண்டுகளாகப் புதிராக இருந்தது. வாகன டயர் தேய்ந்து உதிரும் தூளில் உள்ள ஒரு வேதிப்பொருள் ஓசோனுடன் சேர்ந்து நஞ்சாக மாறி மழைநீருடன் ஓடைக்கு வருவதே காரணம் என 2020-இல் கண்டறிந்தனர். நம் சாலைகளிலும் டயர்கள் தேய்கின்றன. நம் மழையும் சாலையைக் கழுவித்தான் கண்மாய்க்குப் போகிறது.

நான்காவது, நீரைவிட்டு வெளியேறும் துகள். நீரில் வளரும் கொசுப்புழு துகளை விழுங்கினால், அது கூட்டுப்புழுவாகி, கொசுவாகிப் பறக்கும்போதும் துகள் உடலில் இருப்பதை இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தார் 2018-இல் காட்டினர். அக்கொசுவைத் தும்பியும் குருவியும் தின்கின்றன.

எங்கள் மாவட்டம் கற்ற பாடங்கள்

பிளாஸ்டிக் துகள் தனியாக வருவதில்லை. நீரில் கரைந்துள்ள உலோகங்களையும் பூச்சிமருந்துகளையும் பஞ்சு போல் தன்மேல் ஒட்டவைத்துக்கொண்டு வருகிறது. அப்படி ஒட்டிக்கொள்ள நம் மாவட்டத்து நீரில் என்ன இருந்தது என்பதற்கு இரண்டு உண்மைச் சான்றுகள் உண்டு.

ஒன்று, கொடைக்கானல். 1863-இல் கலெக்டர் லெவிஞ்சு என்பவர் அமைத்த ஏரியை நாம் சுற்றுலாவில் பார்த்திருக்கிறோம். அந்த ஏரி நிரம்பி வழியும் நீரே மலைப்பாதையில் நாம் பேருந்தை நிறுத்திப் பார்க்கும் வெள்ளி நீர்வீழ்ச்சி. அம்மலையில் இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் வெப்பமானித் தொழிற்சாலை இருந்தது. பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி பழைய சாமான் கடையில் குவிந்து கிடந்தது வெளியே தெரிந்தபின், 2001 மார்ச்சில் அது மூடப்பட்டது. ஏரியின் நீரிலும், சேற்றிலும், மீனிலும் பாதரசம் இருந்ததை ஐதராபாத் அணு ஆராய்ச்சி ஆய்வுக்கூடத்தார் சோதித்து 2006-இல் வெளியிட்டனர். சேற்றிலுள்ள நுண்ணுயிர்கள் பாதரசத்தை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. அது சிறு மீனிலிருந்து பெரிய மீனுக்கும், மீனிலிருந்து மனிதனுக்கும் போகப் போகச் செறிவு கூடும். ஜப்பானின் மினமாட்டா ஊரில் 1956-இல் வெளிப்பட்ட கொடிய நோய்க்கு இதுவே காரணம். அத்தொழிற்சாலையில் வேலை செய்த 591 பேருக்கு 2016-இல்தான் நிறுவனத்துடன் உடன்பாடு ஏற்பட்டது. மூடியது ஒரு நாளில். நியாயம் கிடைக்கப் பதினைந்து ஆண்டுகள்.

மற்றொன்று, நம் நகரத்துத் தோல் பதனிடும் தொழில். பச்சைத் தோல் கெடாமலிருக்க உப்பிடுகின்றனர். பின்பு சுண்ணாம்பிலும் சல்பைடிலும் ஊறவைத்து உரோமம் நீக்குகின்றனர். அதன்பின் குரோமியம் உப்பில் பதனிடுகின்றனர். முற்காலத்தில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் இவ்வேலையைச் செய்தன. கழிவுநீர் சுத்திகரிக்கப்படாமல் வெளியேறினால் சல்பைடு நீரிலுள்ள உயிர்வளியை உறிஞ்சிவிடும். உப்பு நன்னீர் மீனின் உடற்சமநிலையைக் கெடுக்கும். ஒரு லிட்டர் நீரில் நான்கு மில்லிகிராமாவது கரைந்த உயிர்வளி இருந்தால்தான் மீன்வளத்திற்கு ஏற்றது என்பது நம் நாட்டு அளவுகோல். நீர் சூடாகச் சூடாக உயிர்வளி குறையும் ஆதலால், கோடையில் வற்றிக் கிடக்கும் நம் குளங்களுக்குச் சிறிய கழிவும் பெரிய சுமையே.

நகரைச் சுற்றிச் சுமார் 80 தோல் ஆலைகள் இருந்த பகுதியில் நிலத்தடி நீர் மாசடைந்திருப்பதை ஐதராபாத் தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிலைய அறிஞர்கள் 2005-இல் எழுதினர். அதற்கு முன்பே, 1996 ஆகஸ்டு 28 அன்று, வேலூர்க் குடிமக்கள் நலப் பேரவை தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. அதில் நம் மாவட்டம் உள்ளிட்ட ஐந்து மாவட்டங்களின் தோல் ஆலைகள் ஒவ்வொன்றுக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம் விதித்து, சுத்திகரிப்பு ஏற்பாடு செய்யக் கட்டளையிட்டது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை நாட்டுக்கு அழுத்தமாகச் சொன்ன தீர்ப்பு அது.

இங்கே ஒரு சொல். ஆலைகளை எல்லாம் மூடிவிடுங்கள் என்று கட்டுரையில் எழுதிவிடுவது எளிது. எங்கள் வகுப்பிலேயே தோல் ஆலையிலும் நூற்பாலையிலும் வேலை செய்யும் தந்தையரின் பிள்ளைகள் உள்ளனர். நாங்கள் இதைப் பேசிய அன்று அவர்களுள் ஒருத்தி, "அப்பா கொண்டு வரும் சம்பளத்தில்தானே நான் இந்தப் பாடத்தைப் படிக்கிறேன்?" என்று கேட்டாள். எங்களிடம் உடனே பதில் இல்லை. பிறகு யோசித்தோம். கழிவுநீரில் முதலில் நிற்பவர் அவளுடைய தந்தையே. அந்த நிலத்தடி நீரை முதலில் குடிப்பதும் ஆலைக்கு அருகில் குடியிருப்பவர்களே. ஆகவே சுத்திகரிப்பைக் கேட்பது தொழிலுக்கு எதிரானது அன்று, தொழிலாளிக்காகக் கேட்பது. அவளும் அதற்கு உடன்பட்ட பிறகே இப்பகுதியை எழுதினோம்.

கடலோரச் சகோதரர்கள்

2021 மே மாதம் கொழும்புக்கு அருகே எக்ஸ்-பிரஸ் பேர்ல் என்ற சரக்குக் கப்பல் தீப்பற்றியது. ஜூன் 2 அன்று மூழ்கத் தொடங்கியது. அதிலிருந்த சுமார் 1,680 டன் பிளாஸ்டிக் மணிகள் கடலில் கொட்டின. பருப்பு அளவுள்ள அந்த வெண்மணிகள் நீர்கொழும்புக் கடற்கரையில் பனி போல் குவிந்தன. ஆமைகளும் மீன்களும் இறந்து கரை ஒதுங்கின. மீன்பிடிக்கத் தடை வந்தது. நீர்கொழும்பு மீனவர்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர். "சின்ன உரோமை" என்று அவ்வூரைச் சொல்வர். இராயப்பரும் பெலவேந்திரரும் செய்த அதே தொழிலைச் செய்பவர்கள், படகைக் கரையில் ஏற்றிவிட்டுச் சல்லடையும் கையுமாக நின்றவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தனர். 2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் எம்.எஸ்.சி. எல்சா-3 என்ற கப்பல் மூழ்கியபோது இதே போன்ற மணிகள் நம் கன்னியாகுமரிக் கரைக்கும் வந்தன.

சட்டமும் மஞ்சள் பையும்

தமிழக அரசு ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களை 2019 சனவரி 1 முதல் தடை செய்தது. கைப்பை, உணவு விரிப்பு, தெர்மாகோல் தட்டு, தண்ணீர் பாக்கெட், உறிஞ்சுகுழல் முதலியன அவற்றுள் அடங்கும். 2021 டிசம்பரில் "மீண்டும் மஞ்சப்பை" இயக்கம் தொடங்கப்பட்டது. 2022 சூலை 1 முதல் நாடு முழுவதும் பல பொருட்களுக்குத் தடை வந்தது. ஆயினும் சட்டம் கடை வாசல் வரைதான் வரும், அடுப்பங்கரைக்கு வராது. சூடான சாம்பாரைப் பிளாஸ்டிக் உறையில் கட்டி வாங்காமல், பிரியாணிக் கடைக்கு வீட்டுத் தூக்குவாளியை எடுத்துச் செல்ல நம்மால் இயலாதா? நம் பாட்டிமார் அப்படித்தானே சென்றார்கள்!

எங்கள் குடில்

கடைசியாக எங்கள் குற்றத்தையும் சொல்லிவிடுகிறோம். சென்ற ஆண்டு கிறிஸ்துமஸ் குடில் போட்டியில் எங்கள் வகுப்புக்கே முதல் பரிசு. தெர்மாகோலைச் சீவிப் பனியாகத் தூவினோம். அதன்மேல் ஜிகினாப் பொடியை அள்ளி இறைத்தோம். பார்த்தவர் எல்லாரும் பாராட்டினர். மூன்று இராசாக்கள் திருநாள் முடிந்ததும் தாழ்வாரத்தை நீர் ஊற்றிக் கழுவினோம். அத்தனையும் வாய்க்காலில் ஓடியது. சுத்தமாகக் கழுவினோம் என்று பெருமை வேறு!

ஜிகினாப் பொடி என்பது மெல்லிய பிளாஸ்டிக் தாளில் உலோகம் பூசி வெட்டியது. பிறக்கும்போதே நுண் துகள். ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபரில் பிளாஸ்டிக் ஜிகினாப் பொடி விற்பனைக்குத் தடை விதித்தது. இவ்வாண்டு பாடம் படித்தபின் தாழ்வாரத்து ஓரத்து மண்ணைச் சிறிது எடுத்து நுண்ணோக்கியில் வைத்தோம். ஒன்பது மாத வெயிலும் மழையும் கடந்து அது அப்படியே மின்னியது. அங்கே தங்கியது இவ்வளவு என்றால், ஓடிப்போனது எவ்வளவு?

இவ்வாண்டு குடிலை வைக்கோல், களிமண், பஞ்சு, சிறுமலைப் பக்கத்திலிருந்து ஒரு தோழி கொண்டு வந்த காய்ந்த புல் இவற்றால் கட்டினோம். பரிசு கிடைக்கவில்லை. சிலருக்கு வருத்தம்தான், மறைக்க விரும்பவில்லை. ஆனால் குடிலைக் கலைத்த அன்று எல்லாவற்றையும் தோட்டத்துக் குழியில் போட்டு மண் மூடினோம். வாய்க்காலுக்கு எதுவும் போகவில்லை.

முடிவுரை

முதன்முதலில் குடில் அமைத்தவர் அசிசி நகரப் புனித பிரான்சிஸ். 1223-இல் கிரேச்சியோ என்னும் சிற்றூரில், வைக்கோலும் மாடும் கழுதையும் கொண்டு அவர் அதை அமைத்தார். அதே பிரான்சிசை 1979-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் சுற்றுச்சூழலின் பாதுகாவலராக அறிவித்தார். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் பூமியைப் பேணுவது குறித்து வெளியிட்ட சுற்றுமடலுக்கும் அப்புனிதரின் பாடலிலிருந்தே பெயர் எடுத்தார். குடிலும் படைப்பைக் காப்பதும் ஒரே புனிதரிடமிருந்து நமக்கு வந்தவை. ஒன்றைக் கொண்டாட மற்றொன்றைக் கெடுக்கலாமா?

எனவே தோழியரே, நாம் செய்யக்கூடியவை சில. விழா அலங்காரத்தில் ஜிகினாவும் தெர்மாகோலும் வேண்டாம். கடைக்குத் துணிப்பையும் தூக்குவாளியும் எடுத்துச் செல்வோம். செயற்கைத் துணிகளைத் தேவைக்கு மேல் துவைக்காமலும், துவைத்த நீரை வாய்க்காலில் விடுமுன் ஒரு துணியில் வடித்தும் பழகுவோம். பிளாஸ்டிக்கைக் கொளுத்தாமல் பிரித்துக் கொடுப்போம். பெற்றோரே, அருட்சகோதரிகளே, அடுத்த ஆண்டு குடில் போட்டியில் பிளாஸ்டிக் இல்லாத குடில்களுக்கு மட்டுமே பரிசு என்று ஒரு விதி சேர்க்குமாறு பணிவுடன் வேண்டுகிறோம். அப்போது நாங்கள் இப்பள்ளியில் இருக்கமாட்டோம்; ஆதலால் இவ்வேண்டுகோள் எங்கள் பரிசுக்காக அன்று.

அந்தோணியார் பேசியபோது மீன்கள் தலைநிமிர்ந்து கேட்டன. இன்று அவை பேசாமலே பேசுகின்றன. கேட்க வேண்டியது நம் முறை.